400 டிகிரி பாறையில் ஒரு கிணறு பிழைக்குமா?

கேள்வி இது: "பூமிக்கு அடியில் 400 டிகிரிக்கு மேல் சூடான பாறை இருக்கிறது, அதன் வெப்பத்தை எடுத்தால் உலகத்துக்கே மின்சாரம் போதும் என்கிறார்கள். அலைக்கற்றையால் பாறையை ஆவியாக்கித் துளை போடுகிறார்கள் என்றும் செய்தி வருகிறது. உண்மையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்? இது நடக்கிற காரியமா?"

அந்தச் சூட்டை மனிதர்கள் ஏற்கெனவே பலமுறை தொட்டுவிட்டார்கள். 374 டிகிரியைத் தாண்டிய பாறைக்குள் போன கிணறுகள் உலகம் முழுக்க இருபதுக்கும் மேல் உண்டு. ஆனால் அந்த வெப்பத்திலிருந்து இன்று தொடர்ந்து வணிக மின்சாரம் தரும் கிணறு ஒன்றுகூடக் கிடையாது. அங்கே போய்ச் சேர்வது ஒரு வேலை. போன பிறகு கிணறு இருபது, முப்பது வருடம் உயிரோடு இருக்க வேண்டும், அது வேறு வேலை. செய்திகள் பெரும்பாலும் முதல் வேலையைப் பற்றியே பேசுகின்றன. இந்தத் துறை மாட்டிக்கொண்டு நிற்பது இரண்டாவதில் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 374 என்ற எண். தூய நீரின் மாறுநிலை வெப்பநிலை அது. 374 டிகிரிக்கும் சுமார் 221 பார் அழுத்தத்துக்கும் (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 220 மடங்கு) மேலே போனால் நீர், நீராவி என்ற பிரிவே மறைந்துவிடுகிறது. அடர்த்தியில் திரவத்துக்கு நெருங்கியும், ஓடும் லாவகத்தில் வாயுவைப் போலவும் நடந்துகொள்ளும் ஒரே பொருள்தான் இருக்கும். மெல்லிய விரிசல்களிலும் எளிதாகப் புகுந்து ஓடும், வெப்பத்தையும் நிறையச் சுமக்கும்.

எவ்வளவு நிறைய? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 200 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ வெந்நீரைச் சுற்றுப்புற வெப்பநிலை வரை குளிர்வித்தால், இயற்பியல் விதிகள் அனுமதிக்கும் அதிகபட்ச வேலை ஏறக்குறைய 160 கிலோஜூல். 400 டிகிரி, 250 பார் நிலையில் இருக்கும் அதே ஒரு கிலோ நீரிலிருந்து ஏறக்குறைய 1,050 கிலோஜூல் எடுக்கலாம். ஆறு மடங்குக்கும் மேல். வெப்பநிலை இரண்டு மடங்குதான் ஆகியிருக்கிறது, பயனோ ஆறு மடங்கு ஏறிவிட்டது. காரணம் இரண்டு. ஒரு கிலோவில் இருக்கும் மொத்த வெப்பமே மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது, அதில் மின்சாரமாக மாறக்கூடிய பங்கும் கூடுகிறது. புவிவெப்ப மின் நிலையத்தில் பெரிய செலவு கிணறு தோண்டுவதுதான். ஒரே கிணறு ஐந்தாறு மடங்கு தந்தால் அந்தத் தொழிலின் பொருளாதாரமே தலைகீழாகிவிடும். இவ்வளவு பேர் இந்தச் சூட்டைத் துரத்துவது அதனால்தான்.

புவிவெப்ப மின்சாரம் புதிதல்ல. இத்தாலியின் லார்தரெல்லோவில் 1904-லேயே நிலத்திலிருந்து வந்த நீராவியால் ஐந்து பல்புகளை எரிய வைத்தார்கள். 1913-ல் அங்கே 250 கிலோவாட் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் உலகின் மொத்தப் புவிவெப்ப மின்திறன் சுமார் 15,000 மெகாவாட்தான். வெப்பம், நீர், நீர் ஓடுவதற்கு விரிசல் ஆகிய மூன்றும் இயற்கையாகவே ஒரே இடத்தில், கைக்கெட்டும் ஆழத்தில் அமைந்த ஊர்கள் குறைவு. வெப்பம் மட்டும் எங்கும் உண்டு. எரிமலை இல்லாத பகுதிகளில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25 முதல் 30 டிகிரி கூடும். அந்தக் கணக்கில் 400 டிகிரிக்கு 14 கிலோமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது, 12,262 மீட்டர். அந்த ஆழத்தை 1989-ல் எட்டினார்கள். 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் 180 டிகிரி இருந்தது, அதற்கு மேல் போக முடியவில்லை. ஜெர்மனியின் கேடிபி என்ற ஆய்வுத் துளை 1994-ல் 9,101 மீட்டரில் நின்றது. அடியில் சுமார் 265 டிகிரி.

ஆக, எல்லா ஊரிலும் இது சாத்தியம் என்ற கனவு ஒரு பக்கம், எரிமலைப் பகுதிகளில் 2 முதல் 5 கிலோமீட்டருக்குள் 400 டிகிரி கிடைக்கும் இடங்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு உண்மையாக நடக்கும் வேலை எல்லாம் இரண்டாவது பக்கத்தில். ஐஸ்லாந்து, நியூசிலாந்து, ஜப்பான், இத்தாலி, மேற்கு அமெரிக்கா என்று பட்டியல் போகும்.

அதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஐஸ்லாந்தின் கதை. அங்கே ஐடிடிபி என்ற ஆழ்துளைத் திட்டத்தின் முதல் கிணற்றை 2009-ல் க்ராஃப்லா எரிமலைப் பகுதியில் தோண்டினார்கள். நாலரை கிலோமீட்டர் போவதாகத் திட்டம். 2.1 கிலோமீட்டரிலேயே துளைமுனை உருகிய பாறைக்குழம்புக்குள் புகுந்துவிட்டது. 900 டிகிரி மாக்மா! அங்கே அப்படி ஒன்று இருப்பது முன்கூட்டி எந்த அளவீட்டிலும் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கிணற்றை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அந்தக் குழு அப்படிச் செய்யாமல், மாக்மாவுக்குச் சற்று மேலே கிணற்றை முடித்து, நீராவியைத் திறந்து பார்த்தது. 2010 முதல் 2012 வரை சோதனை ஓட்டம். கிணற்றின் வாயில் வந்த நீராவியின் வெப்பநிலை 450 டிகிரி, அழுத்தம் 140 பார் வரை. அந்த ஒரு கிணற்றால் 36 மெகாவாட் வரை மின்சாரம் தர முடியும் என்று மதிப்பிட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் க்ராஃப்லா மின் நிலையம் பல கிணறுகளைச் சேர்த்துக்கொண்டு தருவது 60 மெகாவாட். இதை வைத்துப் பார்த்தால் 36 என்பதன் அர்த்தம் புரியும்.

அப்புறம் என்ன ஆனது? 2012-ல் கிணற்றுத் தலையில் இருந்த முக்கிய வால்வு பழுதானது. வேறு வழியின்றிக் குளிர்ந்த நீரை உள்ளே செலுத்திக் கிணற்றை அடக்கினார்கள். அந்தத் திடீர்க் குளிர்ச்சியில் உள்ளே இருந்த கேசிங் குழாய், அதாவது கிணற்றின் சுவரைத் தாங்க இறக்கியிருந்த எஃகுக் குழாய், சேதமடைந்தது. அத்தோடு கிணறு முடிந்தது, ஒரு நாள்கூட மின்கட்டமைப்பில் சேரவில்லை.

இந்தச் சேதம் தற்செயல் அல்ல. இரும்புக்கும் வெப்பத்துக்கும் உள்ள அடிப்படைக் கணக்கு அதில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயை 400 டிகிரி சூடாக்கினால் அது கிட்டத்தட்ட 4.8 மீட்டர் நீளும். ஆனால் கிணற்றில் அதை நீள விடுவதில்லை. குழாயைச் சுற்றி சிமெண்ட் ஊற்றிப் பாறையோடு பிணைத்திருக்கிறார்கள். நீள முடியாத எஃகு உள்ளுக்குள்ளேயே நசுங்குகிறது. அந்த அழுத்தத்தைக் கணக்கிட்டால் 960 மெகாபாஸ்கல் அளவில் வரும். கிணறுகளில் வழக்கமாகப் போடும் எஃகு 380 முதல் 550 மெகாபாஸ்கல் வரைதான் தாங்கும், அதற்கு மேல் நிரந்தரமாக உருமாறிவிடும். ஆக, கிணறு முதல் தடவை சூடாகும்போதே குழாய் தன் எல்லையைத் தாண்டிச் சுருங்கிவிட்டது. சூடாக இருக்கும் வரை சிக்கல் இல்லை, இறுகிக்கொண்டு நிற்கும். குளிர்ந்த நீரை விட்டதும் எதிர்த்திசையில் இழுபடுகிறது. ஏற்கெனவே சுருங்கிப்போன குழாய், இணைப்புகளில் அறுந்துகொள்ளும்.

அதாவது இந்தச் சூட்டில் ஒரு கிணற்றுக்கு மிக ஆபத்தான நேரம் அது கொதிக்கும் நேரமல்ல, ஆறும் நேரம். ஆனால் பழுது பார்க்க, அளவெடுக்க, வால்வு மாற்ற, எதற்கும் முதலில் கிணற்றை ஆற வைத்தாக வேண்டும். அதுதான் இதில் உள்ள முடிச்சு.

ஐஸ்லாந்துக்காரர்கள் விட்டுவிடவில்லை. 2016 ஆகஸ்டில் ரெய்க்யனெஸ் முனையில் இரண்டாவது கிணற்றைத் தொடங்கி 2017 ஜனவரியில் 4,659 மீட்டரில் முடித்தார்கள். அடியில் 427 டிகிரி, 340 பார் என்று அளவெடுத்தார்கள். அங்கே பாறைக்குள் இருப்பது கடல் நீர் ஊறியது. உப்பு நீருக்கு மாறுநிலை இன்னும் உயரத்தில், 407 டிகிரி அளவில் இருக்கும். அதையும் தாண்டிவிட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்குக் கீழே, துளைக்குள் விட்ட நீர் அத்தனையும் பாறைக்குள் போய்விட்டது, மேலே திரும்பி வரவில்லை. துளையிடுபவர்களுக்கு அது தலைவலி. ஆனால் அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு சூட்டில்கூட நீர் போக வழி இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இந்தக் கிணற்றிலும் பின்னர் கேசிங் குழாய் சேதமடைந்தது. அடியில் இருந்த மாறுநிலை நீரை மேலே கொண்டுவர முடியவில்லை.

இரண்டு கிணறுகள், இரண்டிலும் தடுத்தது குழாய். இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் அவர்கள் சாதித்துவிட்டார்கள்.

இதற்கு மருந்து தேடும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஐஸ்லாந்தின் ஐசோர் ஆய்வு நிறுவனம் நெகிழும் இணைப்புகளை வடிவமைத்திருக்கிறது. குழாய்த் துண்டுகள் சேரும் இடத்தில் கொஞ்சம் நகர இடம் விட்டு, சூட்டில் நீளும் நீளத்தை ஒவ்வொரு இணைப்பும் சிறிது சிறிதாக விழுங்கிக்கொள்ளும் யோசனை அது. இன்னொரு வழி டைட்டானியம். எஃகைவிடக் குறைவாக நீளும், அதைவிட எளிதில் வளைந்து கொடுக்கும். இரண்டும் சேர்ந்து அதே 400 டிகிரியில் உள்ளழுத்தம் அரைப்பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. விலைதான் இடிக்கிறது. சிமெண்டும் சும்மா இருப்பதில்லை. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 110 டிகிரிக்கு மேலே நாளடைவில் வலு இழக்கும். அதனால் 35 முதல் 40 சதவீதம் சிலிக்கா தூள் சேர்க்கிறார்கள். 400 டிகிரியில் சூடேறி ஆறும் சுழற்சி திரும்பத் திரும்ப நடந்தால் அதுவும் போதாது. கேசிங், சிமெண்ட் பற்றிய ஆராய்ச்சிக்குப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி கிடைக்காது. ஆனால் இந்தத் துறைக்குப் பணம் போடும் நிலையில் யாராவது என்னைக் கேட்டால் முதலில் அங்கேதான் போடச் சொல்வேன்.

வேதியியலும் ஒரு பெரிய தொல்லை. மாக்மாவுக்குப் பக்கத்தில் வரும் நீராவியில் ஹைட்ரஜன் குளோரைடு, ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வாயுக்கள் கலந்திருக்கும். உலர்ந்த நீராவியாக இருக்கும் வரை அவை குழாயை அவ்வளவாகத் தொடாது. எங்கேயாவது ஒரு துளி நீர் ஒடுங்கினால் போதும், அந்த வாயு முழுதும் அந்தத் துளியில் கரைந்து கடும் அமிலமாகிவிடும். இன்னொன்று சிலிக்கா. சூடான அடர்ந்த நீர் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வரும். மேலே வரும் வழியில் அழுத்தம் குறையக் குறைய, அதைப் பிடித்து வைத்திருக்கும் சக்தியை இழக்கும். சிலிக்கா தூளாக உதிர்ந்து குழாயையும் வால்வையும் அடைக்கும், டர்பைன் இறக்கையை அரிக்கும். முதல் ஐஸ்லாந்துக் கிணற்றில் இரண்டுமே இருந்தன. நீராவியை நீரால் கழுவி அமிலத்தையும் தூளையும் நீக்கும் முறையை அங்கேயே சோதித்து, அது வேலை செய்கிறது என்று காட்டினார்கள். கழுவினால் கொஞ்சம் வெப்பம் வீணாகும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கருவிகள் பற்றியும் ஒரு வார்த்தை. கிணற்றுக்குள் இறக்கும் மின்னணுக் கருவிகளில் பெரும்பாலானவை 175 முதல் 200 டிகிரிக்குள் வேலை செய்பவை. அதற்கு மேல் சிறப்புக் கருவிகள் சில உண்டு, குறைந்த நேரத்துக்குத்தான் தாங்கும். 450 டிகிரியில் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கவே கண் இல்லாமல் போகிறது.

சரி, குழாய் பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி பாறையைப் பற்றியது. ஆய்வாளர்களே இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்பதால் எனக்கு இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும்.

குளிர்ந்த கிரானைட் உடையும். விரிசல் விட்டால் அந்த விரிசல் திறந்தே இருக்கும், நீர் ஓடும். 350 முதல் 400 டிகிரி ஆகும்போது, அதிலும் குவார்ட்ஸ் நிறைந்த பாறை, மெல்ல மெல்ல மாவைப் போல இளகி நகரத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத வேகம்தான், ஆனால் விரிசலை மூடுவதற்கு அது போதும். ஜப்பானின் கக்கோண்டாவில் 1990களின் நடுவில் 3,729 மீட்டர் வரை ஒரு கிணறு தோண்டினார்கள். அடியில் 500 டிகிரிக்கு மேல். 3.1 கிலோமீட்டர் வரை பாறையில் நீர் ஓட்டம் இருந்தது. அதற்குக் கீழே, சுமார் 380 டிகிரியைத் தாண்டியதும், வெப்பம் மட்டும் கூடிக்கொண்டே போனது, நீர் ஓட்டம் நின்றுவிட்டது. லார்தரெல்லோ பகுதியிலும் 2017-ல் வெனெல்லெ-2 என்ற கிணற்றை 2.9 கிலோமீட்டர் வரை ஆழப்படுத்தினார்கள். 500 டிகிரியைத் தாண்டியது, எதிர்பார்த்த நீர்த் தேக்கம் கிடைக்கவில்லை. வெப்பத்தை மட்டும் தேடிப் போனால் போதாது என்பதை இந்த இரண்டு கிணறுகளும் காட்டின.

அப்படியானால் ஐஸ்லாந்தில் நீர் எப்படிப் போனது? அங்கே இருப்பது பசால்ட் வகைப் பாறை. கிரானைட்டைவிட அதிகச் சூட்டில்தான் அது இளகும். அதனால் 427 டிகிரியிலும் உடையும் குணம் அதற்கு இருக்கிறது. எந்த ஊரில் தோண்டுகிறோம் என்பதோடு எந்தக் கல்லில் தோண்டுகிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியமாகிறது.

கிரானைட்டுக்கும் நம்பிக்கை இல்லாமல் போகவில்லை. ஜப்பானின் தொஹொக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 400 டிகிரிக்கு மேற்பட்ட கிரானைட் துண்டுகளுக்குள் மாறுநிலையைத் தாண்டிய நீரை அழுத்திப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு பெரிய விரிசல் விடாமல், பாறையின் கனிமத் துகள்களுக்கு இடையே மேகம் போல நுண்விரிசல்கள் பரவின. ஆய்வுக்கூடத்தில் கைக்குள் அடங்கும் கல்லில் கண்டது அது. பூமிக்கு அடியில் பல நூறு மீட்டர் அகலத்தில் அதே மாதிரி நடக்குமா, நடந்தாலும் வருடக்கணக்கில் திறந்திருக்குமா என்பது தோண்டிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில்தான் கடந்த சில வருடங்களின் உண்மையான முன்னேற்றம் வருகிறது. அது மாறுநிலையிலிருந்து வரவில்லை, அதற்குக் கீழே 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் நடந்த வேலையிலிருந்து வந்தது.

பாறையில் நீரை அழுத்தி நாமே விரிசல் உண்டாக்கி, ஒரு கிணற்றில் நீரை விட்டு இன்னொன்றில் வெந்நீராக எடுக்கும் யோசனை 1970களிலேயே அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பிறந்தது. நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் செய்து பார்த்தார்கள், பிரான்ஸின் சூல்ட்ஸில் செய்து பார்த்தார்கள். நீர் ஓட்டம் போதவில்லை, செலவு தாங்கவில்லை. நாற்பது வருடம் அப்படியே கிடந்த யோசனையை எழுப்பியது எண்ணெய், எரிவாயுத் துறையின் கைத்திறன். கிடைமட்டமாகக் கிணற்றைத் திருப்புவது, அதைப் பகுதி பகுதியாக அடைத்து ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக விரிசல் விடுவது, செயற்கை வைரம் பதித்த துளைமுனைகள் இவையெல்லாம் அங்கிருந்து வந்தவை. யூட்டா மாநிலத்தில் அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியில் நடக்கும் ஃபோர்ஜ் என்ற சோதனைக் களம் இவற்றைக் கடினமான சூடான கிரானைட்டில் போட்டுப் பார்க்கவே அமைந்தது. 2024 சோதனைகளில் ஒரு கிணற்றில் விட்ட நீரின் பெரும்பகுதி இன்னொரு கிணற்றில் வந்து சேர்ந்தது. நெவாடாவில் ஃபெர்வோ நிறுவனம் 2023-ல் 30 நாள் சோதனையில் நொடிக்கு 63 லிட்டர் ஓட்டமும் 3.5 மெகாவாட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பமும் எடுத்தது. யூட்டாவின் கேப் ஸ்டேஷனில் அதே நிறுவனம் 500 மெகாவாட் நிலையத்தைக் கட்டத் தொடங்கியது. அங்கே ஒரு கிணற்றின் செலவு சில மாதங்களுக்குள் 94 லட்சம் டாலரிலிருந்து 48 லட்சத்துக்கு இறங்கியது. 2025-ல் அந்நிறுவனம் 4,800 மீட்டர் ஆழக் கிணறு ஒன்றை 16 நாள் துளையிட்டு முடித்தது. அடியில் எதிர்பார்க்கும் வெப்பநிலை சுமார் 270 டிகிரி.

இந்த எண்களை நான் ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், அதிசூடான பாறைக்குப் போகும் படிக்கட்டு இதுதான் என்று நம்புகிறேன். 200-ல் கற்றதை 270-க்கும், அங்கிருந்து 330-க்கும் கொண்டுபோவது. ஒரெகன் மாநிலத்தின் நியூபெர்ரி எரிமலைச் சரிவில் மசாமா எனர்ஜி என்ற நிறுவனம் 2025-ல், 331 டிகிரி பாறையில் இந்த இரட்டைக் கிணற்று முறையைச் செய்து காட்டியதாக அறிவித்தது. அடுத்து 400-ஐத் தாண்டுவது அவர்கள் திட்டம். நியூசிலாந்து அரசு 2024-ல் மாறுநிலைப் புவிவெப்ப ஆய்வுக்கு 6 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கியது. க்ராஃப்லாவிலும் மாக்மாவை மறுபடி வேண்டுமென்றே தொட்டு ஆராயும் களம் ஒன்றை அமைக்கத் திட்டம் இருக்கிறது.

இனி அந்த அலைக்கற்றை. க்வெய்ஸ் என்ற நிறுவனம் செய்வது இது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பால் வோஸ்கோவ் என்ற ஆய்வாளர் அணுக்கரு இணைவுக்குப் பயன்படும் ஜைரோட்ரான் கருவியின் மில்லிமீட்டர் அலையைப் பாறை மேல் பாய்ச்சி உருக்கிப் பார்த்தார். அதிலிருந்து 2018-ல் பிறந்தது இந்த நிறுவனம். 2025-ல் டெக்சாஸில் கிரானைட்டில் 100 மீட்டருக்கு மேல் துளைத்துக் காட்டினார்கள். இதற்கு ஏகப்பட்ட மின்சாரம் செலவாகுமே என்பதுதான் பலரும் எழுப்பும் ஆட்சேபம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு கன சென்டிமீட்டர் கிரானைட்டை ஆவியாக்க ஏறக்குறைய 25 கிலோஜூல் வேண்டும். 20 சென்டிமீட்டர் அகலத்தில் 10 கிலோமீட்டர் துளைக்கு அது 22 லட்சம் யூனிட். கருவியின் திறன் பாதிதான் என்று வைத்தாலும் 44 லட்சம் யூனிட். 100 மெகாவாட் நிலையம் இரண்டு நாளுக்குள் அதைத் திருப்பித் தந்துவிடும். ஆக, ஆற்றல் தடையில்லை.

என் தயக்கம் வேறு. ஆவியான பாறை மேலே வரும் வழியில் நுண்ணிய துகளாக உறையும். அதைப் பத்துக் கிலோமீட்டர் தூரம் வாயுவால் ஊதி வெளியேற்ற வேண்டும். அலையைக் கொண்டுபோகும் குழாய் அத்தனை தூரமும் நேராக இருக்க வேண்டும். வழக்கமான துளையிடலில் சேற்றுக் குழம்பின் எடை துளையின் சுவரைத் தாங்கி நிற்கும், இங்கே துளைக்குள் வாயு மட்டும்தான். உருகி உறைந்த பாறை சுவரில் கண்ணாடிப் படலமாகி அதைத் தாங்கும் என்கிறார்கள். 100 மீட்டரில் அது தாங்கலாம். ஆழம் கூடக்கூடச் சுற்றியுள்ள பாறை நெருக்கும், அதற்கும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். 100 மீட்டர் நல்ல தொடக்கம்தான், நான் அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. இதில் அவர்கள் வென்றால் எரிமலை இல்லாத நாடுகளுக்கும் கதவு திறக்கும், பழைய நிலக்கரி நிலையங்களின் டர்பைன்களுக்கே இந்த நீராவியைக் கொடுக்கலாம். ஆனால் அப்படி வென்ற பிறகும், அந்தத் துளைக்குள் 400 டிகிரியில் நிற்கக்கூடிய குழாய் வேண்டும். திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

நிலநடுக்கம் வராதா என்று கேட்பீர்கள். வரும் சாத்தியம் உண்டு, மறைக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தின் பாசெலில் 2006-ல் பாறைக்குள் நீரை அழுத்தியதில் 3.4 அளவு அதிர்வு வந்து அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பரில் வந்த 5.5 அளவு நிலநடுக்கத்துக்கும் புவிவெப்பக் கிணற்றில் செலுத்திய நீர்தான் காரணம் என்று அந்நாட்டு அரசு அமைத்த குழுவே சொன்னது. பலர் காயமடைந்தார்கள், வீடுகள் இடிந்தன. இளகும் பாறையில் பெரிய அதிர்வு வராது என்று சிலர் வாதிடுகிறார்கள். மேலே இருக்கும் உடையும் பாறையைத் தாண்டித்தானே நீர் கீழே போக வேண்டும் என்பதால் அந்த வாதத்தை மட்டும் நம்பி ஊருக்குப் பக்கத்தில் தோண்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று, இது தீராத ஆற்றல் என்று சொல்வதில் ஒரு திருத்தம் வேண்டும். பூமி முழுவதற்கும் பார்த்தால் தீராது. ஒரு கிணற்றைச் சுற்றியுள்ள பாறைக்குத் தீரும். கண்டங்களின் அடியிலிருந்து இயற்கையாக மேலே வரும் வெப்பம் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 65 கிலோவாட் அளவுதான். நாம் எடுப்பது பல லட்சம் வருடம் சேர்ந்த இருப்பை. நல்ல செய்தி, அந்த இருப்பு மிகப் பெரியது. ஒரு கன கிலோமீட்டர் கிரானைட்டை 100 டிகிரி மட்டும் ஆற வைத்தால் வெளிவரும் வெப்பம், அதில் கால் பங்கு மின்சாரமானால், 100 மெகாவாட் நிலையத்தைச் சுமார் 20 வருடம் ஓட்டும். அந்தப் பாறை முழுவதையும் நீர் சமமாகத் தொட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஒரே விரிசல் வழியாக எல்லா நீரும் குறுக்கே ஓடினால் அந்த வழி மட்டும் சீக்கிரம் ஆறிவிடும், பக்கத்துப் பாறை சூடாகவே நின்றுவிடும். ஆறிய பகுதிக்கு மறுபடி சூடேற நூற்றாண்டுகள் பிடிக்கும்.

ஆக, நடக்கிற காரியமா என்ற கேள்விக்கு என் பதில்: எரிமலைப் பகுதிகளில் நடக்கும் என்று நினைக்கிறேன், பாறை இளகாத இடங்களில் முதலில். எல்லா நாட்டிலும் என்பதற்கு இன்னும் நெடுங்காலம் ஆகும். இனி இதைப் பற்றிச் செய்தி படிக்கும்போது எத்தனை டிகிரி தொட்டார்கள், எவ்வளவு வேகமாகத் துளைத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 374-க்கு மேற்பட்ட கிணறு ஒன்று எத்தனை நாள் தொடர்ந்து ஓடியது, நடுவில் எத்தனை தடவை ஆற வைத்து மறுபடி சூடாக்கினார்கள், அதற்குப் பிறகு கேசிங் எப்படி இருந்தது என்று தேடிப் பாருங்கள். ஒரு வருடம் ஓடி, இரண்டு மூன்று தடவை ஆறி எழுந்து, குழாய் அறுபடாமல் நின்ற கிணறு என்று ஒரு செய்தி வந்தால், அன்றைக்கு இந்தப் பதிலை நான் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.